மிஸ்ஸி கேட்ட நல்ல நேரம்

என் அம்மா யசவதி முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க மருத்துவ மாதுவாக, வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைக் கவனிக்கும் வேலை பார்த்தாள். அவளுடைய பொறுப்பில் இருந்த ஊர்களில் எந்தப் பெண்ணுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது என்பது அந்தப் பெண்ணின் கணவனுக்கு முன்னமே அவளுக்குத் தெரியும். ஊருக்கு அவள் மிஸ்ஸி. அவளுடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் ஆண்கள் பின்பக்கமாகத் தென்னந்தோப்புக்குள் இறங்கிவிடுவார்கள். காரணம் இருந்தது. கல்யாண வீட்டில் மணமகனின் கையைப் பிடித்து வாழ்த்துவாள். அதே மூச்சில், "ரெண்டு வருசம் பொறுத்துப் பெத்துக்குங்க, ஆணுறை என்கிட்ட இருக்கு, வெட்கப்படாம வந்து வாங்குங்க" என்பாள். மணமகனின் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

நான் அவளுடைய ஒரே மகள். அளவைக் கருவிகள் உண்மை சொல்கின்றனவா என்று சோதிப்பது என் தொழில். தராசு, வெப்பமானி, அழுத்தமானி எல்லாம் என் மேசைக்கு வரும். அம்மாவின் தராசு மட்டும் வந்ததில்லை. குழந்தைகளை நிறுக்க அவள் மரக்கிளையில் தொங்கவிடும் தராசு அது. கொஞ்சம் குறைத்துக் காட்டும்.

"குடுங்க அம்மா, சரி பண்ணித் தாறேன்."

"கைய வைக்காத. குறைச்சுக் காட்டினாத்தான் இவளுகள் புள்ளைக்கு ஒழுங்கா சாப்பாடு குடுப்பாளுகள்."

"அது பிழையான தராசு."

"பிழைதான். நல்ல பிழை."

தராசு மறுபடி மரக்கிளைக்கே போனது.

கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் சத்துமா கொடுக்கும். அதை விநியோகிப்பதும் அம்மாவின் வேலை. கர்ப்பிணிகளைத் தவிர மற்ற எல்லோரும் அதைச் சாப்பிட்டார்கள். பிசோ மெனிக்கே என்ற மாமியார், மருமகள் சந்தமாலிக்குக் கிடைத்த சத்துமாவில் தேங்காய்ப்பூவும் கருப்பட்டியும் சேர்த்து உருண்டை பிடித்தாள். வீட்டுக்கு வந்த அம்மாவுக்கே தட்டில் வைத்துக் கொடுத்தாள்.

"சாப்பிட்டுப் பாருங்க மிஸ்ஸி. கடை மாவுல இந்த ருசி வராது."

"மெனிக்கே அக்கா, இது வயித்துல இருக்குற புள்ளைக்குக் குடுத்தது."

"புள்ளைக்குப் பல்லு இல்லையே மிஸ்ஸி."

அம்மா திட்டினாள். உருண்டையையும் சாப்பிட்டாள். நல்ல ருசி என்று என்னிடம் சொன்னாள்.

பிறகு கொரோனா வந்தது. அதற்கு முன்னால் சுற்றறிக்கைகள் வந்தன. முதலாவது, மருத்துவ மாதுக்கள் எந்த வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது என்றது. இரண்டாவது, வீட்டுத் தரிசிப்புகளின் எண்ணிக்கை எக்காரணம் கொண்டும் குறையக் கூடாது என்றது. இரண்டிலும் ஒரே அதிகாரியின் கையெழுத்து இருந்தது. அம்மா இரண்டுக்கும் கீழ்ப்படிந்தாள். வீட்டுக்குள் போகவில்லை. தெருவில் நின்று கத்தினாள்.

"வெள்ளை படுதா?"

"இல்ல மிஸ்ஸி."

"மலம் ஒழுங்கா போகுதா?"

"ரெண்டு நாளா இல்ல மிஸ்ஸி."

"பப்பாப்பழம் சாப்பிடு!"

"கர்ப்பிணி பப்பாப்பழம் சாப்பிடக் கூடாது!" என்று மூன்று வீடு தள்ளி இருந்து யாராவது சொல்வார்கள். பழுத்தது சாப்பிடலாமா, காய்தான் ஆகாதா என்று வேலிக்கு வேலி விவாதம் நடக்கும். ஊரடங்கில் எங்கள் ஊருக்குக் கிடைத்த ஒரே பொழுதுபோக்கு கர்ப்பிணிகளின் குடல்தான்.

அம்மாவும் எல்லாம் தெரிந்தவள் இல்லை. கொத்தமல்லிக் கஷாயம் கொரோனாவைக் கொல்லும் என்று நம்பினாள். குடித்துவிட்டு முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு பேசுவாள். நான் நகரத்திலிருந்து போனில் கத்துவேன். "நீ தராசப் பாரு, தொண்டைய நான் பாத்துக்கிறேன்" என்பாள்.

சந்தமாலிக்கு அது முதல் பிள்ளை. எட்டு மாதம் முடிந்திருந்தது. கணவன் கொரியாவில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை பார்த்தான். விமானங்கள் நின்றுவிட்டதால் அவன் போன் திரையில் மட்டும் இருந்தான். வீட்டில் மாமியாரும் மருமகளும்தான்.

ஒரு புதன்கிழமை காலை, பலாக்காய் பறிக்கும் கொக்கத்தடியின் நுனியில் ஒரு கூடையைக் கட்டி, அதில் இரத்த அழுத்தம் பார்க்கும் சின்னக் கருவியை வைத்து, வேலிக்கு மேலாக அம்மா நீட்டினாள். நான் வாங்கிக் கொடுத்த கருவி. சந்தமாலி கையில் சுற்றிக்கொண்டு எண்ணைப் படித்தாள். அம்மா மறுபடி படிக்கச் சொன்னாள். மூன்றாம் முறையும் படிக்கச் சொல்லிவிட்டு எனக்குப் போன் எடுத்தாள்.

"உன் மெசின் பொய் சொல்லுதா?"

"இல்ல அம்மா. என் மேசையில சோதிச்சு அனுப்பினது. ஏன்?"

அம்மா வேலியைப் பார்த்துக் கத்தியது கேட்டது.

"மகள், கணுக்காலுக்கு மேல பெருவிரலால அமத்து. இப்ப எடு. குழி இருக்கா?"

"இருக்கு மிஸ்ஸி."

"மறையுதா?"

"இல்ல மிஸ்ஸி."

"கர்ப்பிணிக்குக் கால் வீங்காம எனக்கா வீங்கும்?" என்றது பிசோ மெனிக்கேயின் குரல். "தலையிடின்னும் சொல்றா. ராத்திரி முழுக்கப் போனைப் பாத்தா இடிக்காதா?"

அம்மா வைத்தியருக்குப் போன் செய்தாள். உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், பிள்ளையை முன்கூட்டியே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் அவர். தாமதித்தால் வலிப்பு வரலாம். வந்தால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். அம்மா இதை வேலியில் நின்று அப்படியே சொன்னாள்.

பிசோ மெனிக்கே பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க சொல்றது சரி மிஸ்ஸி. திங்கக்கிழமை போறோம்."

"என்ன திங்கக்கிழமை?"

"ஹீன்பண்டா குருன்னான்சே மூணு மாசத்துக்கு முன்னமே நேரம் பாத்துக் குடுத்திருக்காரு. வீட்டை விட்டு வெளிய இறங்குற நேரம். திங்கக்கிழமைக்கு முன்னாடி ஒண்ணும் இல்ல."

"திங்கக்கிழமை வரைக்கும் இவ தாங்குவாளா?"

"கெட்ட நேரத்துல இறங்கினா ஆஸ்பத்திரி என்ன செய்யும்? அங்கதானே கொரோனாவே இருக்கு."

கொரியாவிலிருந்த மகனைப் போனில் அழைத்தார்கள். அவன் தலையில் மஞ்சள் தொப்பியோடு திரையில் வந்தான். "மிஸ்ஸி சொல்றதையும் கேளுங்க, அம்மா சொல்றதையும் கேளுங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

சந்தமாலியை யாரும் கேட்கவில்லை. அவள் வாசற்படியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு மருத்துவ மாது என்றால் மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருப்பாள். மேலிடம் அதை இன்னும் மேலே அனுப்பியிருக்கும். அம்மா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊர்ச் சோதிடர் ஹீன்பண்டா குருன்னான்சேயிடம் போனாள். அங்கே நடந்ததை அன்று மத்தியானம் எனக்குப் போனில் இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினாள்.

"குருன்னான்சே, இன்னைக்கே, இல்லாட்டி நாளைக்குக் காலையிலயாவது ஒரு நல்ல நேரம் வேணும்."

"நேரம் என்ன மிஸ்ஸி, கடையில தொங்குற வாழைக்குலையா? கேட்ட உடனே சீப்பு வெட்டித் தர?"

"உங்க ரெண்டாவது மகளை நீங்க சொன்ன நேரத்துக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது நான். அன்னைக்குப் பிறந்த புள்ளை இப்ப பேங்க்ல வேலை."

"அதை ஏன் இப்ப சத்தமா சொல்றீங்க?"

"இன்னும் யார்ட்டயும் சொல்லல. அதான் சொல்றேன்."

குருன்னான்சே கண்ணாடியை மாட்டிக்கொண்டு பஞ்சாங்கத்தை விரித்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் பொய் சொல்லும் ஆள் இல்லை. தேடினால் கிடைக்கும் என்று நம்புகிற ஆள்.

"நாளைக்குக் காலை ஒன்பது பதினாறுக்குச் சின்னதா ஒண்ணு இருக்கு. ஆனா தெக்கு ஆகாது. தெக்க மாரன் நிக்கிறான், உயிரெடுக்கிறவன்."

"ஆஸ்பத்திரி தெக்கதானே இருக்கு."

"அதுக்கு நான் என்ன செய்ய? கட்டும்போது என்னைக் கேட்டிருக்கலாம்."

கடைசியில் சமரசம் ஆனது. பிசோ மெனிக்கே வீட்டின் பின்வாசல் வடக்கைப் பார்த்தது. அதன் வழியாக இறங்கி, வடக்கே கொஞ்சம் நடந்து, வேலியைச் சுற்றி முன்பக்கம் வந்து, பிறகு தெற்கே போகலாம். மாரனை ஏமாற்ற அது போதும் என்றார் குருன்னான்சே. சந்தன நிற உடுப்பு. பாற்சோறு ஒரு வாய். இறங்கும்போது வெள்ளை உடுத்த ஒருவர் நிறைந்த பாத்திரத்தோடு எதிரே வர வேண்டும்.

அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அங்கேதான் பிழை விட்டாள். சாதாரண நாளில் இந்தக் கடைசிச் சங்கதி ஒரு சங்கதியே இல்லை. பக்கத்து வீட்டு அத்தை வெள்ளைச் சேலை கட்டி, குடத்தில் தண்ணீர் நிரப்பி, மூலையில் மறைந்து நிற்பாள். கண்ணைக் காட்டினால் தற்செயலாக வருவாள். எங்கள் ஊரில் நல்ல சகுனம் எல்லாம் இப்படி ஏற்பாடு செய்யப்பட்டதுதான். ஆனால் அன்று ஊரடங்கு. தற்செயலாக வருவதற்கும் போலீஸ் அனுமதி வேண்டும்.

வியாழக்கிழமை காலை ஆம்புலன்ஸ் வந்து முன்பக்கத்துத் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. சந்தமாலி சந்தன நிற உடுப்பில் பின்வாசலுக்குள் நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"மிஸ்ஸி, கண்ணுக்குள்ள மின்மினி பறக்குற மாதிரி இருக்கு."

அம்மாவுக்கு அதற்கு அர்த்தம் தெரியும். முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுப் பின்முற்றத்துக்கே வந்துவிட்டாள். முதல் சுற்றறிக்கை அத்தோடு முடிந்தது.

"மெனிக்கே அக்கா, இறக்குங்க."

"எதிர்ல யாரும் வரலையே."

அம்மா பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டாள். "ஒரு குடம் தண்ணியோட உங்க பின்வாசலுக்கு வாங்க, அவ்வளவுதான்."

"ஏலாது மிஸ்ஸி. போன கிழமை என் தம்பியப் போலீஸ் பிடிச்சது. ஓடின கோழியப் பிடிக்கத்தான் போனான். இன்னும் கோழியும் வரல, தம்பியும் வரல."

"சரி, நானே வாறேன். என் உடுப்பும் வெள்ளைதான். குடத்தைத் தாங்க" என்று அம்மா பிசோ மெனிக்கே பக்கம் திரும்பினாள்.

"நீங்க கூட்டிட்டுப் போறவங்க மிஸ்ஸி. கூட்டிட்டுப் போறவங்க எதிர்ல வர ஏலுமா?"

ஒன்பது பதினாறு வந்தது. சந்தமாலி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிசோ மெனிக்கே அவளுடைய இன்னொரு கையைப் பிடித்திருந்தாள். அன்பாகத்தான் பிடித்திருந்தாள். விடவில்லை என்பதுதான் விஷயம். அந்த நேரம் தவறினால் அடுத்தது திங்கட்கிழமை.

வேலிக்கு அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. சுகாதாரப் பரிசோதகர். பிசோ மெனிக்கே இருமுகிறாள் என்று யாரோ அவருக்குத் தகவல் கொடுத்திருந்தார்கள். அவள் வெற்றிலை போட்டால் எப்போதும் இருமுவாள். வீட்டைத் தனிமைப்படுத்தி மூடுவதற்காக வந்திருந்தார். மூடிய வீட்டிலிருந்து நோயாளியை ஏற்ற வேறு வண்டி வர வேண்டும். மாவட்டத்துக்கே அப்படி ஒரு வண்டிதான் இருந்தது. அது கராஜில் கிடந்தது.

முன்தெருவை ஆம்புலன்ஸ் அடைத்திருந்ததால் அவர் பின்வழியாக வந்தார். தலை முதல் கால்வரை வெள்ளைப் பாதுகாப்பு உடை. கக்கத்தில் சுருட்டிய நோட்டீஸ். கையில் ஒட்டுவதற்கான பசை வாளி, தளும்பத் தளும்ப.

பிசோ மெனிக்கே இரண்டு கையையும் கூப்பினாள். கூப்புவதற்கு மருமகளின் கையை விட வேண்டியிருந்தது.

"வந்துட்டாரு! தலைகூட வெள்ளை! இறங்கு மகள், இறங்கு!"

"நில்லுங்க!" என்றார் பரிசோதகர். "யாரும் வெளிய வரக் கூடாது. இந்த வீட்டை மூடப் போறேன்."

அம்மா குறுக்கே போய் நின்றாள்.

"மூடுங்க மாத்தயா, யாரு வேணாங்குறது? நோட்டீஸ் ஒட்டின பிறகுதானே மூடினதா கணக்கு?"

"ஆமா."

"எந்தக் கதவுல ஒட்டணும்?"

"முன்கதவுல."

"இது பின்கதவு."

அவர் கதவைப் பார்த்தார். பிறகு வாளியைப் பார்த்தார். சட்டத்தை மதிக்கும் மனிதர். "மிஸ்ஸி, விளையாடாதீங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்கதவுக்குப் போனார். அந்த உடையில் வேகமாக நடக்க முடியாது. பசையும் சிந்தக் கூடாது. அவர் நோட்டீஸைச் சுருக்கமில்லாமல் தடவி ஒட்டிக்கொண்டிருக்கும்போது, வடக்கே நடந்து வேலியைச் சுற்றி வந்த அம்மாவும் சந்தமாலியும் ஆம்புலன்ஸில் ஏறிவிட்டார்கள். வண்டி தெற்கே போனது. வீட்டில் உள்ளோர் எண்ணிக்கை என்ற இடத்தில் அவர் ஒன்று என்று எழுதினார். அந்த ஒன்று பூரிப்போடு வெற்றிலை போட்டு இருமியது.

அன்று மத்தியானமே வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுத்தார்கள். பெண். சின்னது. எடுத்த பிறகு சந்தமாலிக்கு வார்டில் ஒரு முறை வலிப்பு வந்தது. வைத்தியர்கள் பக்கத்தில் இருந்ததால் அடக்கிவிட்டார்கள். வீட்டில் வந்திருந்தால் யார் அடக்கியிருப்பார்கள் என்று அம்மா பிசோ மெனிக்கேயிடம் கேட்டாள்.

"நேரம் சரியா இருந்ததாலதானே அங்க போய் வந்திச்சு?" என்றாள் பிசோ மெனிக்கே.

குருன்னான்சேயின் புகழ் பரவியது. கொரோனாவுக்குள் கொண்டுபோய்த் தாயையும் சேயையும் திருப்பிக் கொண்டுவந்த நேரம் அவர் கொடுத்தது.

வருடக் கடைசியில் தொற்று கொஞ்சம் இறங்கியது. கொரோனாவை வென்ற வீரர்களைப் பாராட்ட ஒரு விழா வைத்தார்கள். குளிரூட்டிய மண்டபம். கதவு ஜன்னல் எல்லாம் மூடி, குத்துவிளக்கு ஏற்றி, பேசியவர்களே மறுபடி பேசினார்கள். ஒலிவாங்கி கை மாறிக்கொண்டே இருந்தது. ஒன்றுகூடல்களைத் தவிர்ப்பது எப்படி என்று ஒருவர் விளக்கினார். படம் எடுக்கும்போது முகக்கவசத்தைக் கழற்றச் சொன்னார்கள். அம்மாவுக்கு ஒரு சான்றிதழும் ஒரு குடையும் கொடுத்தார்கள். படத்தில் அவள் முன்வரிசையில் குடையைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

அந்தப் படத்தில் முன்வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் காய்ச்சல் வந்தது. மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள்.

அம்மா கொத்தமல்லி குடித்தாள். போனில் மூச்சை இரண்டாகப் பிரித்துப் பேசினாள். "ஒண்ணுமில்ல. தொண்டைதான்." நான் விரல்நுனியில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் கருவியை அனுப்பினேன். எண்ணைச் சொல்லச் சொன்னேன். சொன்னாள்.

"உன் மெசின் பொய் சொல்லுதா?"

"இல்ல அம்மா."

ஆம்புலன்ஸ் வந்தபோது யாரும் நேரம் பார்க்கவில்லை.

பெட்டியைத் திறக்க அனுமதி இல்லை. அவர்கள் காட்டிய தூரத்தில் நான் நின்றேன். வெள்ளை உடை போட்ட நால்வர் தூக்கினார்கள். எடையோடு வேலை செய்கிறவள் நான். அம்மாவின் எடைக்கு அவர்களுடைய தோள்கள் போதிய அளவு இறங்கவில்லை. அவ்வளவுதான் பார்க்கக் கிடைத்தது. வாழ்நாளெல்லாம் தெருவில் நின்று கத்தியவளை அனுப்பிவைக்கும்போது யாரும் சத்தம் போடவில்லை. அலுவலகத்திலிருந்து வந்த இரங்கல் செய்தியில் ஒன்றுகூடல்களைத் தவிர்க்கும்படி கேட்டிருந்தார்கள்.

அம்மா இறந்த மூன்றாம் மாதம் பிட்சுகளுக்குக் கொடுக்கும் தானத்துக்கு ஆட்கள் வர அனுமதித்தார்கள். பிசோ மெனிக்கேயும் சந்தமாலியும் பிள்ளையோடு வந்தார்கள். பிட்சுகள் சாப்பிட்டுப் போன பிறகு, முற்றத்து மாமரத்தில் அம்மாவின் தராசு அப்படியே தொங்குவதைப் பார்த்து, பிசோ மெனிக்கே யாரையும் கேட்காமல் பிள்ளையைத் தூக்கி அதில் வைத்தாள்.

"குறையுதே! மகள், இந்தத் தராசு சரிதானே? உங்களுக்குத்தானே தெரியும்."

பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது. தராசின் முள்ளைப் பார்த்தேன்.

"சரிதான்" என்றேன். "சத்துமா குடுங்க. புள்ளைக்கு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அழுதபடியே, உண்மையான வருத்தத்தோடு சொன்னாள்:

"உங்கம்மாவும் அன்னைக்கு நேரம் பாத்து இறங்கியிருந்தா..."

சந்தமாலி தலையைக் குனிந்துகொண்டாள். தேநீர்க் கோப்பையோடு ஓரமாக உட்கார்ந்திருந்த ஹீன்பண்டா குருன்னான்சே எழுந்து என்னைக் கிணற்றடிப் பக்கம் கூட்டிப்போனார்.

"மகள், ஒரு சிக்கல்."

"சொல்லுங்க குருன்னான்சே."

"அந்தப் புள்ளை பிறந்த பிறகு உங்கம்மா ஒவ்வொரு மாசமும் எனக்குப் போன் பண்ணுவாங்க. எந்த நாள் கிளினிக், யாரை எப்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், எல்லாம் சொல்லுவாங்க. நான் அதுக்குப் பக்கத்துல நேரம் தேடிக் குடுப்பேன். எல்லாம் நல்லபடியா நடந்திச்சு. ஊர்ல என் பேரு பெரிசாயிருச்சு. இப்ப புது மிஸ்ஸி இன்னும் வரல. எட்டு மாசத்துல ரெண்டு பேரு இருக்காங்க. நேத்து ஒருத்தியோட மாமியார் வந்து நேரம் கேட்டா." குரலைத் தாழ்த்தினார். "நான் யார்ட்ட கேக்குறது?"

அவருக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. பஞ்சாங்கம் அவர் கக்கத்தில்தான் இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். அந்த இரண்டு பேரின் பெயரையும் சொன்னேன். வைத்தியர் கிளினிக் நாளைச் சொன்னார். குருன்னான்சேயை அழைத்தேன்.

"வியாழக்கிழமை. காலை எட்டரைக்குள்ள ரெண்டு பேரும் அங்க இருக்கணும்."

தாள் புரளும் சத்தம் கேட்டது. நான் காத்திருந்தேன்.

"ஏழே முக்காலுக்கு ஒண்ணு இருக்கு மகள். நல்ல நேரம்தான்." கொஞ்சம் தயங்கினார். "உங்கம்மா திசையும் சொல்லுவாங்க."

"ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம்" என்றேன்.